மையவாதிக்கு என்று சொந்தமாக ஒரு கொள்கை இருக்கிறதா?

தும்பை

இடதுசாரியிடம் உன் கொள்கை என்ன என்று கேட்டால், சரியோ தவறோ ஒரு பதில் வரும். சொத்தும் வாய்ப்பும் சிலர் கையில் குவியக் கூடாது என்பார். வலதுசாரியிடமிருந்தும் வரும். மரபைக் கலைக்காதே, தனியார் சொத்தில் கை வைக்காதே, அரசு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்பார். மையவாதியிடம் கேட்டால் மட்டும் பதில் எப்போதும் மற்ற இருவரையும் பற்றியே வருகிறது. அவர்கள் அந்தப் பக்கம் மிகையாகப் போகிறார்கள், இவர்கள் இந்தப் பக்கம் மிகையாகப் போகிறார்கள். சரி, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்றால் பேச்சு நின்றுவிடுகிறது.

என் சந்தேகம் இதுதான். வலது ஓரம் இன்னும் பத்தடி தள்ளிப் போனால், மையத்தில் இருப்பவர் மையத்திலேயே இருப்பதற்காகத் தானும் ஐந்தடி நகர வேண்டும். நகராமல் நின்றால் நாளைக்கு அவரையே இடதுசாரி என்பார்கள். அடுத்தவன் நகர்வதைப் பார்த்து நகர்வது எப்படிக் கொள்கை ஆகும்?

வசை பாட இந்த இழையைத் தொடங்கவில்லை. 'நடுநிலை நக்கி' போன்ற சொற்களை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மையவாதிக்கு ஒரு நம்பிக்கை உண்டு என்பவர்கள், மற்ற இரு தரப்பையும் குறிப்பிடாமல் அதை ஒரு வரியில் சொல்லிக் காட்டுங்கள். அவ்வளவுதான்.

ஓரத்துஇருக்கை

நல்ல தேர்வு. எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று பார்க்க ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

நேர்கோடு

ஒருவரும் தேற மாட்டார்கள். இந்தத் தேர்வை வரலாறே ஒருமுறை நடத்திவிட்டது.

1860, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல். அடிமைமுறையால் நாடே இரண்டாகப் பிளக்கிற நேரம். அப்போது 'அரசியலமைப்பு ஒன்றியக் கட்சி' என்று ஒன்று முளைத்தது. தலைவர் பதவிக்கு டென்னசியைச் சேர்ந்த ஜான் பெல், துணைத் தலைவர் பதவிக்கு மாசசூசெட்ஸைச் சேர்ந்த எட்வர்ட் எவரெட். தெற்கிலிருந்து ஒருவர், வடக்கிலிருந்து ஒருவர். பார்க்க எவ்வளவு அழகு! அவர்களுடைய அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? நாட்டின் அரசியலமைப்பு, மாநிலங்களின் ஒன்றியம், சட்டங்களை நடைமுறைப்படுத்துவது, இந்த மூன்றைத் தவிர வேறெந்த அரசியல் கொள்கையையும் ஏற்க மாட்டோம் என்றது. நான் மிகைப்படுத்தவில்லை, கொள்கை வேண்டாம் என்று அவர்களே எழுதி வைத்தார்கள். நாடு எதற்காக அடித்துக்கொண்டதோ, அந்த அடிமைமுறை பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.

ஒன்றும் படுதோல்வி இல்லை. வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி என மூன்று மாநிலங்களை வென்றார்கள், 39 தேர்வாளர் வாக்குகள் கிடைத்தன. அடுத்த ஏப்ரலில் சம்டர் கோட்டை மீது பீரங்கி முழங்கியது, உள்நாட்டுப் போர் தொடங்கியது. பெல், ஒன்றியத்திலிருந்து பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் பக்கம் போய்ச் சேர்ந்தார். எவரெட் வடக்கில் நின்று ஒன்றியத்துக்காகப் பேசினார். 1863இல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கனின் புகழ்பெற்ற சிற்றுரைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் பேசியவர் இந்த எவரெட்தான்.

ஒரே சீட்டில் பெயர் போட்டு வாக்குக் கேட்ட இருவர், ஓராண்டுக்குள் ஒரு போரின் எதிரெதிர்ப் பக்கங்களில். பொதுவாக ஒரு நம்பிக்கை இருந்திருந்தால் இருவரையும் அது ஓரிடத்தில் நிறுத்தியிருக்காதா? கேள்வி வராத வரைக்கும் ஒன்றாக இருந்தார்கள். அதற்கு மேல் அந்த மையத்தில் ஒன்றும் இல்லை.

எண்கணிதன்

இரண்டு கேள்விகள் இங்கே கலந்து கிடக்கின்றன. கட்சி ஏன் மையத்துக்கு வருகிறது என்பது ஒன்று. மனிதர் ஏன் வருகிறார் என்பது வேறு.

கட்சி விஷயத்தில் மர்மமே கிடையாது. ஒரே தெருவில் இரண்டு கடைக்காரர்கள் ஏன் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேர்கிறார்கள் என்று 1929இல் ஹரோல்ட் ஹோட்டெலிங் கணக்குப் போட்டார். 1948இல் டங்கன் பிளாக் அதே தர்க்கத்தைக் குழு வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். 1957இல் ஆண்டனி டவுன்ஸ் தேர்தல் அரசியலையே அதில் அடக்கினார். போட்டியில் இரண்டே கட்சிகள், வாக்காளர்கள் எல்லோரும் ஒரே கோட்டில் என்றால், சரியாக நடுவில் நிற்கும் வாக்காளரைப் பிடித்தவருக்கு வெற்றி. இதற்குக் கட்சிக்கு எந்த நம்பிக்கையும் தேவையில்லை, பசி இருந்தால் போதும். ஆகவே மையத்துக்கு வரும் கட்சியைக் கொள்கைக் கட்சி என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன்.

வாக்காளர் விஷயம் வேறு மாதிரி. ஆய்வுகளில் 'மிதவாதி' என்று விழுபவர்களைப் பிரித்துப் பார்த்தால், பலர் ஒரு பிரச்சினையில் கடும் இடது, இன்னொன்றில் கடும் வலது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கும்போதுதான் அவர்கள் நடுவில் வருகிறார்கள். டக்ளஸ் ஆலர், டேவிட் புரூக்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அழுத்தமாகக் காட்டினார்கள். அப்புறம் ஆந்தனி ஃபவுலரும் சிலரும் சேர்ந்து, அப்படி மட்டும் இல்லை, பிரச்சினைக்குப் பிரச்சினை உண்மையாகவே நடுவில் கருத்து வைத்திருப்பவர்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள் என்று வாதிட்டார்கள். என் கணிப்பில் இரண்டு வகையும் உண்டு. கருத்துக் கணிப்பில் இருவருக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறோம்.

ஓரத்துஇருக்கை

ஆக, மரண தண்டனை வேண்டும் என்றும், எல்லா வங்கிகளையும் அரசுடைமையாக்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னால் அவர் மிதவாதி. சராசரி வாழ்க.

பழையஏடு

நேர்கோடு எடுத்துக்காட்டை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆனால் அது ஒரு வகை மையத்துக்குத்தான் பொருந்தும். நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

வட அயர்லாந்து. அங்கே அரசியலின் கோடு வரியைப் பற்றியதோ நலத்திட்டத்தைப் பற்றியதோ இல்லை. பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்கிற ஒன்றியவாதிகள் ஒரு பக்கம், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள். அயர்லாந்தோடு சேர வேண்டும் என்கிற தேசியவாதிகள் மறுபக்கம், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். 1970இல் கலவரங்களுக்கு நடுவே அலையன்ஸ் கட்சி தொடங்கியது. இரு மதத்தாரும் ஒரே கட்சியில் இருக்கலாம் என்பதுதான் அதன் ஆதாரக் கருத்து.

1998இன் பெரிய வெள்ளி அமைதி உடன்பாட்டுக்குப் பிறகு வந்த சட்டமன்றத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் தன்னை ஒன்றியவாதி, தேசியவாதி, மற்றவர் என்று மூன்றில் ஒன்றாகப் பதிவு செய்ய வேண்டும். அலையன்ஸ் 'மற்றவர்' என்று பதிந்தது. அதனால் இழப்பு அவர்களுக்குத்தான். முக்கியமான முடிவுகளுக்கு இரு சமூகத்தாரின் ஆதரவும் தனித்தனியாக எண்ணப்படும், அந்த எண்ணிக்கையில் 'மற்றவர்' எந்தப் பக்கமும் சேர மாட்டார். தன் வாக்கின் எடை குறைகிறது என்று தெரிந்தே ஒருவர் ஒரு பெட்டியில் போய் உட்காருகிறார் என்றால், எண்கணிதன் சொன்ன பசி அதை விளக்காது.

2012 டிசம்பரைப் பாருங்கள். பெல்ஃபாஸ்ட் நகர மன்றக் கட்டடத்தில் 1906 முதல் ஆண்டு முழுக்கப் பிரிட்டன் கொடி பறந்தது. அப்படியே பறக்கட்டும் என்றது ஒரு பக்கம், இறக்கிவிடு என்றது மறுபக்கம். குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் ஏற்றலாம் என்று அலையன்ஸ் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. நேர்கோடு இதைப் 'பாதிக்குப் பாதி' என்று கேலி செய்யலாம். ஆனால் அதற்குக் கிடைத்த பரிசு என்ன? கட்சி அலுவலகங்கள் தாக்கப்பட்டன. அப்போது கிழக்கு பெல்ஃபாஸ்ட் எம்.பி.யாக இருந்த நவோமி லாங்குக்குக் கொலை மிரட்டல் வந்தது. அவர் பின்வாங்கவில்லை.

தும்பை கேட்ட ஒரு வரி: ஒருவர் எந்த மதத்தில் பிறந்தார் என்பதை வைத்து அவருடைய அரசியலைத் தீர்மானிக்காதே. இதில் இரு தரப்பும் வரவில்லை, பாருங்கள்.

நேர்கோடு

அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மையவாதம் இல்லையே! அது ஒரு தெளிவான தாராளவாதக் கொள்கை. அந்த ஊரின் சண்டைக் கோட்டில் அது தற்செயலாக நடுவில் விழுகிறது. நீங்கள் எனக்காக வாதாடுகிறீர்கள் ஐயா.

பழையஏடு

தற்செயலாக நடுவில் விழுவதுதான் நான் சொல்ல வந்ததும். யார் நடுவில் நிற்கிறார் என்ற கணக்கை வெளியில் இருப்பவர்கள் போடுகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு அது நடுவாகத் தெரிவதில்லை. அவருக்கு அது வேறொரு திசை.

தும்பை

ஐயா சொல்வது அடையாளச் சண்டைகளுக்குப் பொருந்துகிறது, மூன்றாவதாக ஒரு திசை அங்கே இருக்கிறது. வரி, கூலி, மருத்துவச் செலவு என்று வந்தால்? ஒருவர் நூறு கேட்கிறார், மற்றவர் பூஜ்யம் என்கிறார். மையவாதி ஐம்பது என்கிறார். அந்த ஐம்பதுக்குப் பின்னால் என்ன நம்பிக்கை? நாளைக்கு முதலாமவர் இருநூறு கேட்டால் இவர் நூறு என்பாரே. பேரம் தெரிந்தவர்கள் இதனால்தான் முதலிலேயே இருநூறு கேட்கிறார்கள்.

கரிசல்

தும்பை, நடுநிலை என்றால் பாதியாகப் பிளப்பது என்று நாமாக ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? துலாக்கோல் இரண்டு தட்டையும் எப்போதும் சமமாகவா காட்டுகிறது? கனமான பக்கம் தாழும். எடை போடும் முன் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதுதான் அதன் நேர்மை. எடை போட்ட பிறகும் சாயவில்லை என்றால் அது பழுதான கோல். நூறுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே ஐம்பது என்பவர் எடையே போடவில்லை. அவரைத் தூக்கி என் தரப்பில் வைக்காதீர்கள்.

பொருளாதாரத்தில் எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு பிரிட்டன். 1942இல் வெளிவந்த சமூகக் காப்பீட்டு அறிக்கையை எழுதிய வில்லியம் பெவரிட்ஜ் தொழிற்கட்சிக்காரரும் இல்லை, பழமைவாதக் கட்சிக்காரரும் இல்லை. மூன்றாவதான லிபரல் கட்சி. வேலையின்மையை அரசு செலவு செய்து குறைக்கலாம் என்ற பொருளியலாளர் கெய்ன்ஸும் லிபரல். இரு பெரிய கட்சிகளின் நிலைப்பாட்டையும் கூட்டி இரண்டால் வகுத்து அவர்கள் இவற்றை எழுதவில்லை. சந்தை இருக்கட்டும், ஆனால் வேலையிழப்பும் நோயும் முதுமையும் யாரையும் தெருவில் தள்ளக் கூடாது என்று நினைத்து எழுதினார்கள். 1945க்குப் பிறகு தொழிற்கட்சி அதைச் செயல்படுத்தியது. 1951இல் ஆட்சிக்குத் திரும்பிய பழமைவாதிகள் அதைக் கலைக்கவில்லை. பிற்காலத்தில் எல்லோரும் 'மையம்' என்று அழைத்தது இதைத்தான். முதலில் நம்பிக்கை வந்தது, மையம் பிறகுதான் அங்கே போய் அமைந்தது.

தும்பை கேட்ட வரியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: தவறினால் திருத்திக்கொள்ள முடிகிற அடிகளை மட்டும் எடுத்து வை. சலிப்பான வரிதான். கூட்டத்தில் சொன்னால் ஒருவரும் கைதட்ட மாட்டார்கள்.

நேர்கோடு

சலிப்பு இருக்கட்டும் கரிசல், அந்த மெதுவான அடிகளுக்குக் காத்திருப்பது யார்? 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தின் கூர்மையான பகுதி இனவெறியர்களைப் பற்றியது இல்லை. வெள்ளை மிதவாதிகளைப் பற்றியது. நீதியைவிட அமைதி ஒழுங்கை மதிப்பவர்கள், உன் நோக்கம் சரி ஆனால் வழி சரியில்லை என்பவர்கள், இன்னொருவனின் விடுதலைக்குத் தாங்கள் நாள் குறிப்பவர்கள் என்று அவர்களைச் சொல்கிறார். 'பொறு' என்கிறவருக்குப் பொறுப்பதில் ஒரு நட்டமும் இல்லை.

சமரசங்களின் வரலாற்றையே எடுங்கள். 1820இல் மிசௌரி உடன்பாடு, 36 பாகை 30 கலை அட்சக்கோட்டில் ஒரு கோடு கிழித்து, மிசௌரி நீங்கலாக, பிரான்சிடமிருந்து அமெரிக்கா வாங்கிய பெரும் நிலப்பரப்பில் மேலே அடிமைமுறை கூடாது, கீழே கூடும் என்றார்கள். 1850இல் இன்னொரு சமரசம், அதில் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கக் கடுமையான சட்டம் வந்தது. இரண்டு முறையும் மேசையில் இரண்டு தரப்பு உட்கார்ந்து நியாயமாகப் பேசி ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களுக்கு மேசையில் நாற்காலி இல்லை. கோல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், தட்டிலேயே வைக்காத ஒன்றை அது எடை போடாது.

ஓரத்துஇருக்கை

இதற்குக் கரிசல் என்ன சொல்லப் போகிறார் என்று ஆவலாக இருக்கிறது.

கரிசல்

கடைசி வரிக்கு மறுப்பு இல்லை. மேசையில் யார் என்பதுதான் எல்லாமே. அதனால்தான் அடோல்ஃபோ சுவாரெஸை இங்கே கொண்டு வருகிறேன்.

ஸ்பெயின். 1975இல் சர்வாதிகாரி பிராங்கோ இறந்தார். அடுத்த ஆண்டு மன்னர் பிரதமராக நியமித்த சுவாரெஸ் யார்? சர்வாதிகாரியின் ஒரே அரசியல் இயக்கத்துக்கே பொதுச் செயலாளராக இருந்தவர். பதவிப் பித்தர் என்று பெயர். தும்பையின் இலக்கணப்படி காற்றடிக்கும் பக்கம் சாயும் சரியான ஆள். அவர் செய்தது என்ன? 1977 ஏப்ரல் 9, ஈஸ்டர் விடுமுறைக்கு இடையே, கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டபூர்வமாக்கினார். படைத்தளபதிகள் கொதித்தார்கள், கடற்படை அமைச்சர் பதவி விலகினார். நாற்காலியே இல்லாமல் நாற்பதாண்டு இருந்தவர்களுக்கு நாற்காலி போட்டவர் மையக் கூட்டணியின் தலைவர். அந்த ஜூனில் தேர்தல், அக்டோபரில் முக்கியக் கட்சிகள் கையெழுத்திட்ட மோன்குளோவா பொருளாதார, அரசியல் ஒப்பந்தங்கள், 1978இல் புதிய அரசியலமைப்பு.

1981 பிப்ரவரி 23. பதவி விலகிவிட்ட சுவாரெஸ், அடுத்த பிரதமருக்கான வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த அவையில் இருக்கிறார். ஆட்சியைக் கவிழ்க்க லெப்டினன்ட் கர்னல் தெஹேரோ ஆயுதக் காவலர்களோடு உள்ளே புகுந்து, எல்லோரும் தரையில் படுங்கள் என்று கத்துகிறார். கூரையை நோக்கிச் சுடுகிறார்கள். உறுப்பினர்கள் இருக்கைக்கடியில் பதுங்குகிறார்கள். பதுங்காதவர்கள் என்று வரலாறு மூன்று பேரைச் சொல்கிறது. துணைப் பிரதமராக இருந்த ஜெனரல் குட்டியேரெஸ் மெயாதோ, கம்யூனிஸ்ட் தலைவர் சந்தியாகோ கரியோ, அப்புறம் சுவாரெஸ். பழைய பிராங்கோவாதியும் பழைய கம்யூனிஸ்டும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் சுவாரெஸ் உருவாக்கிய மையக் கட்சி நொறுங்கிப் போனது. அவர் தனியாகத் தொடங்கிய புதுக்கட்சிக்கு இரண்டே இடங்கள்.

நேர்கோடு

சுவாரெஸின் துணிச்சலை நான் ஏன் மறுக்கப் போகிறேன்? ஆனால் முழுக் கதையையும் சொல்லுங்கள். அதே 1977 அக்டோபரில் பொது மன்னிப்புச் சட்டம் வந்தது. அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள், சரி. கூடவே, சித்திரவதை செய்தவர்கள் மீதும் வழக்குத் தொடர முடியாமல் போனது. புதைகுழிகளில் உறவினரைத் தேடியவர்கள் பத்தாண்டுக் கணக்கில் காத்திருந்தார்கள். மீண்டும் அதே 'பொறு'.

கரிசல்

உண்மை. அந்தச் சட்டத்துக்குக் கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் ஆதரவாக வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறையில் கிடந்தவர்களே கேட்டு வாங்கிய சட்டம் அது. அவர்களைக் கொள்கையற்றவர்கள் என்பீர்களா?

தும்பை

எனக்கு இப்போது வேறொரு சிக்கல். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டேன், சிலரிடம் இருக்கிறது என்று காட்டிவிட்டீர்கள். ஆனால் ஜெர்மனியின் சென்ட்ரம் கட்சியை என்ன செய்வது? பெயரே மையம். 1933 மார்ச் 23, ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. கம்யூனிஸ்டுகளை அவைக்குள்ளேயே விடவில்லை. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியின் 94 பேர் மட்டும். ஆதரவு 444, சென்ட்ரம் உட்பட. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை தேவைப்பட்ட சட்டம் அது.

நேர்கோடு

நான் எழுத நினைத்ததை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பழையஏடு

அவசரப்படாதீர்கள். சென்ட்ரம் என்ற பெயர் அவையில் அவர்கள் உட்கார்ந்த இடத்தால் வந்தது. உள்ளே அது கத்தோலிக்கர்களின் கட்சி, பிஸ்மார்க் காலத்து ஒடுக்குமுறையில் உறுதிப்பட்ட கட்சி. அவர்களுக்குக் கொள்கை இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. திருச்சபையின் உரிமைகள், கத்தோலிக்கப் பள்ளிகள், இவற்றைக் காப்பதுதான் அவர்கள் கொள்கை. தலைவர் லுட்விக் காஸ் ஒரு பாதிரியார். ஹிட்லர் அந்த உரிமைகளுக்கு வாய்மொழியாக உறுதி தந்தார், எழுத்தில் தருகிறேன் என்றார். முன்னாள் பிரதமர் புரூனிங் உட்பட ஒரு சிறுபான்மை உள்ளே எதிர்த்தது, கடைசியில் கட்சிக் கட்டுப்பாடு என்று அவர்களும் சேர்ந்து வாக்களித்தார்கள். எழுத்து வரவே இல்லை. ஜூலையில் கட்சியே கலைக்கப்பட்டது.

அவர்கள் விற்றது கொள்கையை அல்ல. தங்களுடைய குறுகிய கொள்கையைக் காப்பாற்ற எல்லோருடைய உரிமையையும் விற்றார்கள். ஆகவே தும்பை, உங்கள் முதல் கேள்வியைக் கொண்டு அளந்தால் சென்ட்ரம் தேறிவிடும். அதுதான் அந்தக் கேள்வியின் குறை.

எண்கணிதன்

இது மையத்துக்கு மட்டும் உரிய குறையா என்ன? தன் சிறிய நம்பிக்கைக்காகப் பெரியதை விற்றவர்கள் இரண்டு ஓரத்திலும் உண்டு. பழையஏடு சொன்னதை ஏற்றால், மையவாதியிடம் கேட்க வேண்டியது உனக்கு என்ன பிடிக்கும் என்பது அல்ல. எதைக் கொடுத்தாலும் எதற்குக் கையெழுத்துப் போட மாட்டாய் என்பதுதான். பெல்லும் எவரெட்டும் அந்தக் கேள்விக்குத் தேர்தலுக்கு முன்பே பதில் சொல்லியிருந்தால் ஒரே சீட்டில் நின்றிருக்கவே மாட்டார்கள்.

ஓரத்துஇருக்கை

அந்த அளவுகோலை அலையன்ஸுக்கும் வையுங்கள். 2001 நவம்பரில் ஒன்றியவாதித் தலைவர் டேவிட் டிரிம்பிள் முதலமைச்சராகத் தேர்வாக ஒன்றியவாதிகள் பக்கம் வாக்குக் குறைந்தபோது, அலையன்ஸ் உறுப்பினர்கள் மூவர் தங்களை 'ஒன்றியவாதி' என்று மாற்றிப் பதிந்து வாக்களித்தார்கள் அல்லவா? 'மற்றவர்' என்ற பெட்டிக்காக எடையை இழந்தார்கள் என்று பழையஏடு உருகினாரே. ஒரு வாக்கெடுப்புக்கு அந்தப் பெட்டியை விட்டு எழுந்து போனதை மட்டும் சொல்லவில்லை.

பழையஏடு

எழுந்து போனார்கள். அன்று போகாவிட்டால் சட்டமன்றமே கவிழ்ந்திருக்கும், மீண்டும் லண்டனின் நேரடி ஆட்சிதான். இரு சமூகமும் சேர்ந்து ஆளும் அவை பெரிதா, தங்கள் பெயர்ப்பலகை பெரிதா என்று வந்தபோது அவையைத் தேர்ந்தெடுத்தார்கள். விதியை மாற்றச் சொல்லி நெடுநாளாகக் கேட்டவர்களே அந்த விதியின் ஓட்டையில் நுழைய வேண்டி வந்தது சங்கடம்தான். இரு பக்கமும் சிரித்தன. 2003 தேர்தலில் அவர்கள் வாக்கு 3.7 சதவீதத்துக்கு இறங்கியது, ஆறு இடங்களை எப்படியோ காப்பாற்றிக்கொண்டார்கள். 2022இல் 17 இடங்கள் கிடைத்தன. அவ்வளவு பேர் போய் உட்கார்ந்த பிறகும், இரு சமூக ஆதரவு எண்ணப்படும்போது 'மற்றவர்' என்பவரின் வாக்கு எந்தப் பக்கமும் சேராது என்ற விதி அப்படியே இருந்தது. அவர்களும் 'மற்றவர்' என்றே பதிந்தார்கள்.